ஓட்டிப் பார்த்த தூரம்

வீராம்பட்டினம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். காதில் ஜிமிக்கி, நகக்கண்ணில் கிரீஸ், மடியில் துண்டு சுற்றிய கார்புரேட்டர். பஸ் இருமும்போதெல்லாம் உச்சுக் கொட்டினாள். ஊரில் படகு எஞ்சின் மெக்கானிக்காம்.

"பொம்பளைங்க படகுல கால் வைக்கக் கூடாதும்பாங்களே?" என்றேன்.

"அதனாலதான் எஞ்சினைக் கழட்டி எங்க வாசலுக்குத் தூக்கியாந்தாங்க. எத்தினி நாளைக்குத் தூக்குவாங்க? தோள் வலிச்சதும் அவங்களே ஏறச் சொல்லிட்டாங்க."

"ஏறி ரிப்பேர் பண்றதோட சரியா?"

"ரிப்பேர் பண்ணா ஓட்டிப் பாக்கணும்ல? மொதல்ல கரையோரமா ஓட்டினேன். நேத்து ஓட்டினப்ப கரையே தெரியல!"

இறங்கும்போது டிரைவரிடம், "அண்ணே, வண்டி ரொம்ப இருமுது. நான் பாக்கட்டுமா?" என்றாள்.

அவர் பதறிப்போய் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளைக்குப் பிடித்துக்கொண்டிருப்பாரோ!