இருபத்தெட்டாவது பை

தனக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று மகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அவளையும் இலங்கைக்குக் கூட்டிப் போனேன். ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறை அவளுக்கு.

எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த சிஸ்டர் ஒருவர் அங்கே தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் வேலை செய்கிறார். பிள்ளைகள் உரச்சாக்கில் புத்தகம் கொண்டுவருகிறார்கள் என்று அவர் சொன்னதும், மதுரையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வாரத்தில் இருபத்தெட்டுப் பைகள் சேர்ந்தன. யாரும் கேட்காமலே நான் வாக்குக் கொடுத்தேன்: ஒரு பை, ஒரு பிள்ளை, ஒரு போட்டோ. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று முன்கூட்டியே பயப்படுகிற ஆள் நான்.

ஐந்து நாள் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தோம். கடைசி நாள் மதியம் பைகளைக் கொடுக்க உட்கார்ந்தேன். சிஸ்டர் வேன்காரருக்கு டீ போடப் போயிருந்தார். நான் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பையைக் கொடுத்துப் படம் எடுத்தேன். படம் எடுத்த பிறகு மகள் பெயரைக் கேட்டு எழுதினாள். கடைசியாக ஒரு சிறுமி வந்தாள். எட்டு வயதிருக்கும். வெள்ளைக் கவுனில் மேல் பட்டன் இல்லை, ஊக்கு குத்தியிருந்தாள். தோள்பட்டையில் பெரிய கறை. கேமராவைப் பார்த்ததும் கறையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கையை எடும்மா."

"டீச்சர், அக்காட கவுனு வீட்டுல இருக்கு. லயம் அந்தா தெரியுது. ஓடிப் போட்டுட்டு வந்துர்றேன்."

சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் தெரிந்தன. அவள் போய்வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார். கொண்டை ஊசி வளைவுகளில் மகளோடு மூட்டத்தில் இறங்க வேண்டுமே என்ற பயம் எனக்கு.

"நேரமில்லம்மா. இப்படியே நில்லு."

அவள் கையை எடுக்கவில்லை.

"போட்டோ இல்லாம குடுக்க முடியாதும்மா. குடுத்தவங்க கேப்பாங்க."

அவள் அழவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் பையை மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன். கிளம்பும்போது பிள்ளைகள் எல்லோரும் கைகூப்பி, "நன்றி டீச்சர்" என்று சேர்ந்து சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

வேன் பாதி மலை இறங்கியிருந்தது. மகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்தப் போட்டோக்காரர் வெயிட் பண்ணார்லம்மா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று உடனே புரிந்தது. வீட்டில் நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை அது. எழுமலைப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தேன். வெளிநாட்டிலிருந்து யாரோ என் படிப்புக்கு உதவினார்கள். அவர்களுக்கு அனுப்ப ஆண்டுக்கொரு படம் எடுப்பார்கள். ஒரு வருடம் என் கவுன் கிழிந்திருந்தது. அன்று பார்க்க வந்திருந்த அம்மா வாசலிலேயே போட்டோக்காரரை மறித்துக்கொண்டாள்.

"செத்த பொறுங்கண்ணே, புள்ளைக்கு நல்ல துணி வாங்கிட்டு வாரேன்."

"எம்புட்டு நேரம்க்கா ஆகும்? வாடிப்பட்டில வேற கல்யாணம் இருக்கு."

"இந்தா வந்துட்டேன். உங்க புள்ளைன்னா இப்பிடியே எடுத்துருவீகளா?"

அவர் முனகிக்கொண்டே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அம்மா தெருவில் மூன்று வீடு ஏறி இறங்கி ஒரு மஞ்சள் கவுன் இரவல் வாங்கிவந்தாள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் நிமிர்ந்து நிற்கிறேன்.

வேனைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூட்டத்தைக் காரணம் காட்டி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மதுரைக்கு வந்து இருபத்தேழு படங்களைக் குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்களும் இதயங்களும் வந்து குவிந்தன. ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அன்று நான் அந்தப் பிள்ளையின் கைக்குப் பை கிடைக்காமல் செய்தது, யாருமே கேட்காத ஒரு படத்துக்காக.

போன மாதம் சிஸ்டர் விடுமுறையில் வந்தார். நான் பையை எடுத்துக் கொடுத்தேன். மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள்; பக்கம் திருப்பும் சத்தம் நின்றுவிட்டது.

"யாருக்குக் குடுக்கணும்? பேரு என்ன?" என்றார் சிஸ்டர்.

மகள் எழுதிய தாளில் இருபத்தேழு பெயர்கள் இருந்தன. ஐந்து நாளிலும் இவள் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. முகத்தைக் காட்டப் படமும் இல்லை. அவளை அடையாளம் சொல்ல என்னிடம் இருந்தது நான் செய்தது மட்டும்தான்.

"பை இல்லாத பிள்ளை, சிஸ்டர்," என்றேன்.