ஸீன் என்றால் டிரைவர், ரே என்றால் இறங்கு

1. மாம்புரிக்காரரின் கேள்வி

வேலையில் சேர்ந்த வருடமே நான் ஒரு மனுஷனை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டேன். வேண்டுமென்று அல்ல. ஆங்கிலக் கடதாசியில் 'ஹவுஸ் டிரைவர்' என்று இருந்தது, நானும் நம்பினேன்.

நான் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். புத்தளம் கரையோரத்துப் பிள்ளைகள் பயணத்துக்கு முன் கடதாசி காட்ட வருவது என் மேசைக்குத்தான். அப்படி வந்த மாம்புரிக்காரர் ஒருவரிடம், "எல்லாம் சரி, போயிட்டு வாங்க" என்றேன். மூன்று மாதம் கழித்துப் பாலைவனத்திலிருந்து போனில் கோல் எடுத்தார்.

"சேர், இங்க வாகனமே இல்ல, ஆடுதான் ஈக்குது. பாஸ்போர்ட்டையும் வாங்கி வெச்சிட்டாங்க. விசாவுல அரபியில ஆடு மேய்க்கிறவன்னுதான் போட்டிருக்காம். நீங்க பாத்துத்தானே சரின்னு சொன்னீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரைத் திருப்பி எடுக்க முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு எழுதி, ஒரு வருடம் அலைந்துதான் ஊர் சேர்த்தேன். அந்த அலைச்சலில் பழக்கமான ஒரு மொழிபெயர்ப்பாளர் என் மேல் இரக்கப்பட்டு ஒரு பாடம் சொல்லித் தந்தார்.

"அரபு முழுசாப் படிக்க உங்களுக்கு நேரமில்ல. தொழில் எழுதியிருக்கிற இடத்தில முதல் எழுத்தை மட்டும் பாருங்க. மூணு பல்லு வெச்ச சீப்பு மாதிரி இருந்தா ஸீன். அது டிரைவர். தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருந்தா ரே. அது மேய்ப்பன்."

நான் மீன்பிடி ஊரான உடப்பில் பிறந்தவன், தூண்டில் முள்ளை மறப்பேனா? இரண்டு எழுத்தையும் வரைந்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிறு வயதிலேயே குர்ஆன் ஓதப் படித்தவர்கள். எழுத்துக் கூட்டி அழகாக வாசிப்பார்கள். "என்ன அர்த்தம்?" என்றால் முழிப்பார்கள். அரபியில் இருந்தாலே கடதாசிக்கு ஒரு மரியாதை வந்துவிடும். விசாவை முத்தமிட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த மரியாதையில்தான் ஏமாற்றுக்காரன் ஒளிந்துகொண்டான்.

2. நீலக் கயிறு

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் மதுரங்குளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை. பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம், எத்தாளையிலிருந்து நஸ்லிமா கோல் எடுத்தாள். வீட்டில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவள். என் கூட்டங்களுக்கு வந்து பழக்கம்.

"சேர், தம்பி ரிஸ்வான் சவூதிக்குப் போறான். இப்பதான் வேன்ல ஏத்தினோம். அவனுக்காக துஆ செஞ்சிக்கோங்க."

"நல்லது தங்கச்சி. என்ன வேலை?"

"டிரைவர்."

"விசா கொப்பி இருக்கா?"

"ஒரு கொப்பி எடுத்து வெச்சன், சேர். பாஸ்போர்ட்டை எயார்போட்லதான் குடுப்பாங்களாம்."

எனக்கு அப்போதே பொறி தட்டியது. "தொழில் போட்டிருக்கிற இடத்தைப் பார். அரபியில முதல் எழுத்து என்ன? ஸீனா, ரேயா?"

கடதாசி சரசரத்தது. "ரே, அலிப், ஐன், யே... சேர், ஏன் கேக்குறீங்க?"

"தங்கச்சி, அது டிரைவர் இல்ல. ஆடு மேய்க்கிற வேலை. வேன் புறப்பட்டு எவ்வளவு நேரம்?"

"யா அல்லாஹ்! முக்கால் மணித்தியாலம் இருக்கும். அவன்ட போன் வேலை செய்யல்ல, சேர். புது சிம்!"

"என்ன வேன்?"

"வெள்ளை. பின்னால மாஷா அல்லாஹ்ன்னு எழுதியீக்குது."

நல்ல அடையாளம்! எங்கள் ரோட்டில் பாதி வேன் அப்படித்தான். அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். "மேல சிவப்பு சூட்கேஸ், சேர்! வலை கட்டுற நீல நைலோன் கயிறு. நான்தான் கட்டினன்!"

எயார்போட் போகிற வேன் மதுரங்குளிச் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபைலும் கையுமாகச் சந்திக்கு ஓடினேன். செருப்பு ஒன்று பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது. முதலில் வந்த வெள்ளை வேனை மறித்தேன்; உள்ளே கல்யாண வீட்டுக்காரர்கள். "என்ன சேர், சாப்பாட்டுக்கு வாறீங்களா?" என்று சிரித்தார்கள். பஸ் கொண்டக்டர் ஒருவர், "ஐயா, சாகிறதுன்னா ஓரமாப் போய்ச் சாவுங்க!" என்று கத்தினார். அப்போதுதான் நீலக் கயிற்றைக் கண்டேன். நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

முன் சீட்டிலிருந்து இறங்கியவர் ஆள் அனுப்பும் சப் ஏஜென்ட். "டைப்பிங் மிஸ்டேக் சேர், அங்க போனதும் மாத்திக் குடுப்பாங்க" என்றார்.

"மாத்தின பிறகு போகட்டும். முதல்ல அவன்ட பாஸ்போர்ட்டை அவன்ட கையில குடுங்க. அது அவன்ட சாமான்."

கூட்டம் சேர்வதைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். ஆனால் ரிஸ்வான் இறங்க மாட்டேன் என்றான். இருபத்திரண்டு வயது, புதுச் சேர்ட், கண் கலங்கியிருந்தது.

"சேர், ஊர்ல ஒவ்வொரு வீடாப் போய் ஸலாம் சொல்லி, குத்தம் குறையைப் பொறுத்துக்கோங்கன்னு கேட்டுட்டு வந்தன். உம்மா அழுதழுது அனுப்பிவெச்சாங்க. பொழுதுபட முன்னுக்குத் திரும்பிப் போய் நின்டா சிரிக்க மாட்டாங்களா?"

அவன் சொன்னது உண்மை. வெளிநாட்டில் படும் பாட்டை விட ஊரில் படும் வெட்கத்துக்குப் பயந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள்!

"தம்பி, உன்ன இறக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆடு மேய்க்கிறதும் கேவலமான தொழில் இல்ல. ஆனா என்ன வேலைக்குப் போறாய்னு தெரிஞ்சு போறது உன்ட உரிமை. நீயே வாசி."

பாஸ்போர்ட்டைத் திறந்து விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். முதல் சொல் விளங்கவில்லை. இரண்டாவதற்கு வந்ததும் நின்றான்.

"கனம்" என்றான்.

பாரம் என்கிறான் என்று நினைத்தேன்.

"இல்ல சேர். இது ஓதல்ல வாற சொல்லு. உஸ்தாத் அர்த்தம் சொல்லித் தந்தவர்." விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தான். "ஆடு."

அவனே வேனின் மேலே ஏறி லாத்தா நஸ்லிமா கட்டிய முடிச்சை அவிழ்த்தான்.

3. ஸலாம் சொன்ன வீடுகள்

அவனைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. த்ரீவீலில் சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு எத்தாளைக்கு நானும் போனேன். நஸ்லிமா படலையிலேயே நின்றாள். தம்பியைக் கட்டிப் பிடித்து அழுதாள், பிறகு முதுகில் ஒன்று போட்டாள்.

"வா, ஸலாம் சொன்ன வீட்டுக்கெல்லாம் திரும்பப் போவம். பாஸ்போர்ட்டைக் கையில எடு. வெட்கப்பட வேண்டியது நீயில்ல" என்றாள்.

முதல் வீட்டில் சிரிக்கத்தான் செய்தார்கள். இரண்டாவது வீட்டில் சிரிப்பு நின்றது. மூன்றாவது வீட்டுக்காரர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து தன் மகனின் விசாவைக் கொண்டுவந்து நீட்டினார். "இதையும் பாருங்க புள்ள" என்றார். நஸ்லிமா பார்த்து, "ஸீன்!" என்று கூவினாள். அந்த வீட்டில் எழுந்த சத்தம் இருக்கிறதே, பெருநாள் பிறை கண்ட மாதிரி! இருள்வதற்குள் இன்னும் இரண்டு ரே அகப்பட்டது. இரண்டு பயணமும் நின்றது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எனக்கு வேலை குறைந்துவிட்டது. நஸ்லிமாவிடம் ஓத வரும் பிள்ளைகளே வீட்டுக் கடதாசிகளைப் பார்த்து, சந்தேகமானதை மட்டும் என்னிடம் அனுப்பினார்கள்.

இப்போது என் பழைய கதிரையில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆங்கிலக் கடதாசியோடு நிற்காதீர்கள். நமக்குத் தெரியாதது எதிரே இருப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் முதல் வருடமே கேட்டிருந்தால் மாம்புரிக்காரரே எனக்கு வாசித்துக் காட்டியிருப்பார்.

ரிஸ்வான் அடுத்த வருடம் முறையாகப் பதிந்து, ஒப்பந்தத்தைத் தமிழிலும் வாங்கி வாசித்துவிட்டுப் புறப்பட ஆயத்தமானான். விசா வந்த அன்று நஸ்லிமா கோல் எடுத்தாள். ஸலாமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை. மூச்சு வாங்கியபடி ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"ஸீன், சேர்!"