மதலேனம்மா வாங்காத நன்மை

காஜா பேராங் என்ற ஊரில் மதலேனம்மா எனக்குப் பழக்கம். எங்கள் சிற்றாலயத்துச் சாமியார் வீட்டில் சமையல், பின்கட்டில் படுக்கை. அந்த வேலைக்கு அவள் முன்பே கேட்டிருந்தாள், கொடுக்கவில்லை. சாமியார் வீட்டில் தங்கும் பெண்ணுக்கு வயதாகியிருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டமாம்.

"நான் கிழவியாகட்டும்னு காத்திருந்தாங்க லா" என்று சிரிப்பாள்.

ஊரெல்லாம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிய மாதம், அவள் மகள் ஜெயராணி கையொடிந்து வந்து நின்றாள். தெங்கேராவில் லாரி ஓட்டும் புருஷன் இன்னாசியின் கைங்கரியம். இது முதல் தடவையும் அல்ல.

சாமியார் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"கோயில்ல கட்டின தாலி. அவிழ்க்க எனக்கும் அதிகாரமில்ல, பாப்பரசருக்கும் அதிகாரமில்ல. கூட்டிட்டுப் போய் விடு. பொறுமையா செபம் பண்ணச் சொல்லு."

"கை கூடுற வரைக்கும் என்கூட படுத்துக்கட்டும் சாமி."

"வயசுப் பொண்ணா? இங்கயா? சட்டத்துல இடமில்ல. ஊர் என்ன பேசும்?"

மதலேனம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க இருந்தா உங்க பேரு போகும். அங்க போனா அவ உயிரு போகும். உங்க பேருக்குக் காவலா ஒரு சட்டம் இருக்கு, அவ உயிருக்கு ஒண்ணும் இல்லியா? பொண்டாட்டியே வேணாம்னு இருக்கிறவங்க நீங்க. பொண்டாட்டி எவ்வளவு அடி தாங்கணும்னு உங்களுக்கு எப்படி சாமி தெரியும்?"

பிரசங்கத்தில் நரகத்தை நேரில் பார்த்து வந்தவர்போல் முழங்கும் மனிதருக்குக் கோபம் மட்டும் வந்தது.

"புருஷன்கிட்ட திரும்பிப் போற வரைக்கும் பூசையில அவளுக்கு நன்மை அப்பம் கிடையாது!"

அன்றே மதலேனம்மா சமையற்கட்டுச் சாவியைப் போட்டுவிட்டு மகளோடு வெளியேறினாள். மளிகைக்கடை உமரின் மனைவி அஸ்மா, எதுவும் கேட்காமல் கடைக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அம்மாவும் மகளும் தோசை சுட்டு விற்றுப் பிழைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னுள்ள கிராதித் தடுப்பில் வரிசையாக முழங்காலிட்டிருந்தோம். கட்டுப்போட்ட கையோடு ஜெயராணி, அடுத்து மதலேனம்மா, அடுத்து நான். சாமியார் ஜெயராணியைத் தாண்டி வந்து தாயின் முன் அப்பத்தை நீட்டினார். மதலேனம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் லத்தீனை மறுபடியும் முணுமுணுத்தார். அவள் உதடு அசையவில்லை. பிறகு என்னிடம் வந்தார். நான் வாயைத் திறந்தேன்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் இருவரும் வந்து முழங்காலிடுவார்கள். அவர் மகளைத் தாண்டுவார். தாய் வாயை மூடிக்கொள்வாள். பூசை முடிந்ததும் இருவரும் தோசைக்கல்லுக்குத் திரும்புவார்கள்.

சில வருஷம் கழித்து மதலேனம்மா படுத்த படுக்கையானாள். நான் பார்க்கப் போயிருந்தபோது சாமியார் நன்மைப் பேழையோடு அறைக்கு வந்தார். கடைசி நன்மை இல்லாமல் செத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நம்பியவள், பயந்துதான் கிடந்தாள்.

"முதல்ல இவளுக்குக் குடுங்க சாமி" என்றாள்.

"முடியாது. சட்டம்."

"அம்மா, எனக்காகப் பாக்காத. வாயைத் தெற" என்று ஜெயராணி கதறினாள்.

மதலேனம்மா மகளின் கோணலாய்க் கூடிய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சாமியார் நின்றார். பிறகு பேழையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

விடிவதற்குள் அவள் போனாள். வாயைக் கட்ட எங்களுக்குத் துணி தேவைப்படவில்லை.