காந்தாரி பறிக்கப் போனது

காலையிலிருந்து விடாத மழை. மனைவி மரச்சீனிக்கிழங்கு அவித்து இறக்கிவிட்டு, சம்மந்தித் துவையல் அரைக்கக் காந்தாரி மிளகாய் பறித்துவரச் சொன்னாள். காந்தாரி இல்லாமல் எனக்குக் கிழங்கு தொண்டையில் இறங்காது.

குடையுடன் போனால், எங்கள் ஒரே செடியில் நனைந்த கொண்டைக்குருவி ஒன்று மிளகாய்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எரிந்ததாகத் தெரியவில்லை. விரட்டத்தான் குடையை நீட்டினேன். அது பறக்காமல், குடைக்கடியில் வசதியாக நகர்ந்து உட்கார்ந்து, சிறகை உதறிவிட்டு அடுத்ததைக் கொத்தியது. நான் அசையாமல் நனைந்தேன்.

அடுக்களை ஜன்னலில் மனைவி. "மிளகா பறிக்கப் போனியளா, குருவிக்குக் குடை பிடிக்கப் போனியளா?"

"மெதுவா பேசு, சாப்பிடுது."

"அப்ப உங்களுக்கு?"

"ஒண்ணு ரெண்டு மிச்சம் வைக்கும்."

வைக்கவில்லை. மனைவி சீனி டப்பாவை என் முன்னால் நங்கென்று வைத்தாள். கிழங்குக்குச் சீனியும் மோசமில்லை.