நைனாவின் அமெரிக்காக்காரர்

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சந்தன வாசனை மூக்கில் ஏறியது. திருத்தணி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த குடும்பம் ஒன்று, அப்பா, பையன், கைக்குழந்தை என்று வரிசையாக மஞ்சள் தலையோடு டீக்கடை வாசலில் நின்றிருந்தது. அந்த வாசனை வந்தால் உங்களுக்கெல்லாம் முருகன் ஞாபகம் வரும். எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வீட்டில் நைனா, அதாவது என் அப்பா, கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து, நெஞ்சின் மேல் செல்போனை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நாட்டின் எல்லை என்பது ஒரு வீட்டின் கதவு ஆகும்" என்று ஓர் ஆண் குரல். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புத் தமிழ். பேச்சு முடிந்ததும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருஷம் அதைக் காதில் கேட்டுக் கேட்டு டைப் அடித்தவள் நான். இப்போது அமெரிக்காக்காரனின் பேச்சை மெஷினே தமிழாக்கி விடுகிறதாம். நாக்கை மாற்றிய மெஷினுக்கு மூக்கை மாற்றத் தெரியவில்லை.

நான் டிகிரி முடித்த வருஷம் திருத்தணியில் சந்தனமும் தொப்பியும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஆபீஸ் வந்தது. அமெரிக்காவில் ரேடியோவிலும் இன்டர்நெட்டிலும் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் டைப் அடித்து அனுப்ப வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும். காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் நான்கு மணி வரை கீழ்க்கடைச் சந்தனம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் மேனேஜருக்கு ஒரே ஒரு வேதம்தான். "ஒரு வார்த்த சேக்காதீங்க, ஒரு வார்த்த எடுக்காதீங்க. அவன் இருமினா இருமல்னு போடுங்க." தினமும் காலையில் இதைச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

எனக்கு வாய்த்தவர் பழைய வழக்கம், சாமி, குடும்பம், சொந்த நாடு என்று பேசுகிற கட்சிக்காரர். தினமும் இரண்டு மணி நேரம் பேசுவார். கவர்ன்மென்ட் எதிலும் தலையிடக் கூடாது, வரி போடக் கூடாது, எல்லையில் சுவர் கட்ட வேண்டும், வெளிநாட்டுச் சாமானுக்கு மட்டும் வரி போட வேண்டும், வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும். அவருடைய கூட்டத்து ஜனம் சிவப்புத் தொப்பி போடும் என்று பிறகு ஒரு படத்தில் பார்த்தேன். எங்கள் கீழ்க்கடையிலும் மொட்டைத் தலைகளுக்குச் சிவப்புத் தொப்பிதான் அதிகம் விற்றது. அவர் அடிக்கடி கொதிப்பது ஒரு விஷயத்துக்குத்தான். அமெரிக்காக்காரன் வேலையையெல்லாம் கம்பெனிகள் ஏதோ பேர் தெரியாத ஊருக்கு அனுப்பிவிடுகின்றனவாம். அந்தப் பேர் தெரியாத ஊரில் உட்கார்ந்து அதையும் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். கமா கூட விடவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், மனுஷன் பேச்சில் கெட்டிக்காரர். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரி என்றுதான் பட்டது. மீதிப் பாதிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை அழுத்துவேன்.

இந்த வேலைக்குப் போக நைனா லேசில் விடவில்லை. "எவனோ பேசறத காதுல மாட்டிகினு ஒக்காந்திருக்கணுமா? இன்னா பேசுவான் அவன்?" என்றார். "சாமி, குடும்பம், நெலம், இதப் பத்திதான் பேசறாரு நைனா" என்றேன். அது பொய்யில்லை. "அப்ப தெனம் வந்து சொல்லணும்" என்று ஒரு நிபந்தனை போட்டு அனுப்பினார்.

அன்றிலிருந்து சாயங்காலம் பஸ் இறங்கி வந்து கால் கழுவுவதற்குள் கேள்வி வந்துவிடும். "இன்னா சொன்னாரு இன்னிக்கி?" ஒரு மாசத்துக்குள் நைனா அவர் கட்சியில் சேர்ந்துவிட்டார். "சர்க்காரு நம்ம விசயத்துல கைய வுடவே கூடாது. கரெக்டா சொல்றான்யா மன்சன்" என்று நைனா முழங்குவார். பின்னால் இலவச கரண்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா ஒரு தடவை மோட்டாரைக் கை காட்டினாள். "அது வேற, இது வேற" என்றார். துப்பாக்கி விஷயமும் அவருக்குப் பிடித்துப்போனது, வேர்க்கடலையில் காட்டுப்பன்றி இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. வெளிச்சாமானுக்கு வரி என்றதும், "ஆந்திரா தக்காளிக்கு நாமளும் போடணும்" என்றார். எல்லையில் சுவர் என்றதும் துள்ளிவிட்டார். "நம்ம பார்டர்ல செவுரு கட்டினா நகரிலேந்து உங்கக்கா எப்டி வரும்?" என்று கேட்டாள் அம்மா. அதுவும் வேற, இதுவும் வேறயாம்.

நகரி எங்களுக்கு அரை மணி நேர பஸ். நடுவில் ஆந்திரா போர்டு ஒன்று வரும், அவ்வளவுதான். நைனாவின் அக்காவை அங்கே கொடுத்திருந்தது. அத்தை கடைத்தெருவிலும் வெளி ஆட்களிடமும் தெலுங்கில் விளாசுவாள், எங்களிடம் தமிழ்தான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவள் வீட்டுக் காவடி வரும். மலை ஏறி இறங்கியதும் பதினைந்து இருபது பேர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார்கள். சந்தனத் தலைகள் பட்டு எங்கள் சுவரெல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்திருக்கும். அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள்.

பொய் எப்படி ஆரம்பித்தது என்றால், உண்மையிலிருந்துதான் ஆரம்பித்தது. குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அமெரிக்காக்காரர் நிஜமாகவே ஒருநாள் சொன்னார். நான் அப்படியே வந்து சொன்னேன். மறுநாள் நைனா, வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்களுக்கு முன்னால் தனியாகச் சாப்பிடாமல் காத்திருந்தார். அம்மாவுக்குக் கை ஓடவில்லை. சோறு போட்ட இடத்திலேயே திரும்பப் போட்டாள். எனக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த வாரம், தட்டுக்கு முன்னால் யாரையும் திட்டக் கூடாது என்று அமெரிக்காக்காரர் சொன்னார். அதாவது நான் சொன்னேன். நைனா அதற்கும் தலையாட்டினார்.

அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டாள். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "ஏன்டி, அந்தாள, உங்க நைனாவ பீடிய வுடச் சொல்லி ஒரு வார்த்த சொல்லச் சொல்லேன்" என்றாள். சொன்னார். பீடி கட்டு பாதியானது, முழுசாக நிற்கவில்லை. அமெரிக்காக்காரருக்கும் ஒரு எல்லை உண்டு அல்லவா. மஞ்சள் காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றி, வேட்டியைத் தானே துவைப்பதைப் பற்றி என்று அவர் எங்கள் வீட்டில் நிறையப் பேசினார். ஆபீஸில் ஒரு இருமலைக் கூட விடாத நான் வீட்டில் ஒரு முழு மனுஷனையே சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், அவர் பெண்களைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸில் உட்கார்ந்து இளமையை வீணாக்குகிறார்களாம். வேலையை விட்டுவிட்டுக் காலத்தில் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெறுங்கள் என்று அப்பன்மார்கள் துணிந்து சொல்ல வேண்டுமாம். இரண்டு தடவை பெடலை விட்டு விட்டுக் கேட்டேன். அப்படித்தான் சொன்னார். மேனேஜர் சொன்ன தர்மப்படி ஒரு சொல் சேர்க்காமல், ஒரு சொல் எடுக்காமல் அடித்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு அதை இன்னொரு தடவை படித்தேன். ஏனென்றால் மறுநாள் அத்தை வெறும் காவடியோடு வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் மகனுக்கு, என் பாவாவுக்கு, என்னைக் கேட்க வருகிறாள். பாவா நல்ல பிள்ளைதான். ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் அக்கா கேட்டு நைனா இதுவரை எதையும் மறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்தேன். "இன்னா சொன்னாரு?" என்றார் நைனா. கால் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "பொண்ண ஒரு வார்த்த கேக்காம கட்டி வைக்கிறவன் அப்பனே இல்லன்னு சொன்னாரு நைனா" என்றேன். அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

மறுநாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை ஆரம்பித்தாள். "ஆவணில வச்சிக்கலாம்டா. இவ வேலைய வுட்டுடட்டும். எட்டு தறி ஓடுது நம்ம வீட்ல, இவ எவனுக்கோ டைப் அடிக்கணுமா?"

நைனா தொண்டையைச் செருமினார். "பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்க்கா."

"எதுக்கு?"

"அப்டித்தான் செய்யணுமாம். அமெரிக்காவுல ஒருத்தரு சொல்லிகினுகிறாரு. பெரிய மன்சன். சாமி பக்தி உள்ளவரு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. "நாளிக்கி நீ செத்தா அமெரிக்காகாரனா வந்து மொத ஆளா நிப்பான்? நான் உங்கூடப் பொறந்தவடா."

நைனா என் பக்கம் திரும்பி, "சொல்லு பாப்பா" என்றார். அப்படி ஒருத்தரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. "எனக்கு வேணாம் அத்தை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது. அத்தை விபூதிப் பையை எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே அத்தனை சந்தனத் தலைகளும் எழுந்தன. அடுத்த வருஷமும் காவடி வந்தது, மலை ஏறியது, இறங்கியது, நேராக நகரி பஸ் ஏறிவிட்டது. நைனா அன்று முழுக்க வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு சுவர் துடைக்கும் வேலை இல்லை.

எனக்கு ஆறு வருஷம் கழித்து, என்னைக் கேட்டுத்தான், கல்யாணம் நடந்தது. பாவாவுக்கு அதற்கு முன்பே நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறான், எங்கேயாவது பார்த்தால் சிரிக்கிறான். ஆபீஸ் மூடிவிட்டார்கள். வேலையைத் திரும்பக் கொண்டு வா என்று அமெரிக்காக்காரர் கத்தியதற்குப் பலன் இல்லாமலில்லை. வேலை எங்கள் கையை விட்டுப் போனது. அவர்கள் கைக்கும் போகவில்லை, மெஷினுக்குப் போனது. அந்த மாடியில் இப்போது லாட்ஜ் நடக்கிறது.

சரி, கட்டிலுக்கு வருகிறேன். அமெரிக்காக்காரர் இன்னும் ஓயவில்லை. வரி, விசா, சுவர் எல்லாம் முடித்து அவருடைய பழைய பல்லவிக்கு வந்தார். "பெண்கள் தம் இளமையை அலுவலகங்களில் வீணடிக்கின்றனர். தந்தையர் துணிந்து அவர்களை இளமையில் மணம் புரியக் கூறுதல் வேண்டும்." மூக்குச் சிரிப்பு.

நைனா போனை நிறுத்தினார். எழுந்து உட்கார்ந்தார். "பாப்பா, இவரு அவருதானே?"

"ஆங்."

"அப்ப வேற மாரி சொன்னாரே."

பொய் சொல்லியிருக்கலாம். ஆள் மாறிவிட்டார், வயசாகிவிட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எழுபத்து மூன்று வயசு மனுஷன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அன்றைக்கும் கிருத்திகை. என்னால் முடியவில்லை. "அது அவரு சொன்னது இல்ல நைனா. நான் சொன்னது."

"பீடி?"

"அது அம்மா சொன்னது."

அவர் செல்போன் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீ சொன்னன்னு தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். வருத்தமாகச் சொன்னாரா, நியாயமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உண்மையைச் சொன்னார், அது மட்டும் தெரியும். பிறகு, "நல்ல மன்சன் பாப்பா அந்தாளு. நெஜமா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரு இன்னொன்னும் சொன்னாரு நைனா" என்றேன்.

"இன்னா?"

"கூடப் பொறந்தவகிட்ட மொதல்ல பேசறவன் தோத்தவன் இல்லன்னு."

நைனா என்னைப் பார்த்தார். வாயோரம் லேசாக அசைந்தது. "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று செல்போனை நீட்டினார். அத்தையின் நம்பரைத் தேடிப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. பின்னால் கூட்டச் சத்தமும் அரோகராவும் கேட்க, எடுத்தார்கள். அத்தையேதான்.

"எவரண்டி?" என்றாள், வெளி ஆளைக் கேட்கிற தெலுங்கில்.