பூதக்கண்ணாடி போட்ட பூஜ்ஜியம்

என் நாத்தனார், கோழி இட்ட முட்டையைக் கோழியிடமே காட்டி, "இது உன்னுதுதானா?" என்று விசாரித்தவள். கோழி திருதிருவென்று விழித்ததை நானே பார்த்தேன். தன்னைப் பெண் பார்க்க வந்தவரிடம், பல்லெல்லாம் சொந்தப் பல்லா என்று கேட்டாள். அந்த மனுஷர் வாயைத் திறந்து காட்டிவிட்டு அவளையே கட்டிக்கொண்டார். இன்றைக்கும் அவர் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு வேலையும் அமைந்தது. மனசு சரியில்லாத பிள்ளைகள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் வார்டில் மூத்த நர்ஸ். காய்ச்சல் என்றால் வாயில் குழாயை வைத்து அளந்துவிடலாம். மனசை அப்படி அளக்க முடியாதே. அதனால் சாயங்காலம் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும்போது இரண்டு நர்ஸுகள், ஒருவர் போன பிறகு ஒருவராக, தனித்தனியாகக் கவனித்து மார்க் போடுவார்கள். அடித்தார்களா, எறிந்தார்களா, தன்னையே காயப்படுத்திக்கொண்டார்களா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தார்களா என்று பார்ப்பார்கள். தொல்லை இல்லையென்றால் பூஜ்ஜியம். முற்ற முற்ற எண் ஏறும். ஒருவர் போட்டதை இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று டாக்டரம்மா முடிவு செய்வார்.

அங்கே குருவி என்று ஒரு சிறுமி இருந்தாள். வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்றவளை அக்கம்பக்கத்தார் இறக்கிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நாத்தனார் அவளுக்கு நாள் தவறாமல் பூஜ்ஜியம் போட்டாள். கூட மார்க் போட்ட ஆண் நர்ஸோ உச்சத்துக்கு ஏற்றியிருந்தான் என்பது டாக்டரம்மா ஒப்பிட்டபோது தெரிந்தது. எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பதால் அவனுக்குச் சிரிப்பு என்று பெயர்.

"ஒரே பொண்ணு, ஒரே கூடம். இவனுக்கு மட்டும் எப்படி அண்ணி தட்டு பறக்கும்?" என்று என்னிடம் வந்து பொருமினாள். "கூடத்துல இல்லாமலே மார்க் போடறான். இல்ல, அந்தப் பொண்ணைத் தூண்டிவிடறான். ரெண்டுல ஒண்ணு."

"மூணாவதா ஒண்ணு இருந்தா?"

"இருக்காது."

வெள்ளிக்கிழமை குருவியின் அம்மா வருகிறாள். நாத்தனாரின் பூஜ்ஜியமே சரி என்று ஆனால் பெண் வீட்டுக்கு, அந்த மொட்டைமாடிக்கே, போய்விடுவாள். அதற்குள் சிரிப்பின் குட்டை உடைக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம், தலைவலி என்று சொல்லிக் கைப்பையோடு கிளம்பினாள். வாசல்வரை போய், பின்பக்கமாக வந்து, கூடத்தை ஒட்டிய துணி அறைக்குள் புகுந்துகொண்டாள். கதவில் சாய்வுப் பலகைகள். இடுக்கில் கண்ணை வைத்தால் கூடம் முழுக்கத் தெரியும். போர்வை மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாக நின்றாள்.

"பூதக்கண்ணாடி போயிடுச்சா?" என்று குருவியின் குரல். நாத்தனாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது.

"பையோட போயிடுச்சு," என்றான் ஒரு பையன்.

அவ்வளவுதான், கூடத்துக்கு உயிர் வந்தது. ஒருத்தி பாடினாள், ஒருவன் மேஜைக்கடியில் குரைத்தான். குருவி பக்கத்துப் பெண்ணோடு கதை பேசிக்கொண்டே ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். திடீரென்று தட்டைச் சுவரில் விட்டெறிந்து அழ ஆரம்பித்தாள்.

சிரிப்பு அவளருகே தரையில் உட்கார்ந்தான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நான் மறுபடியும் ஏறிடுவேன் அண்ணா."

"இதை சிஸ்டர்கிட்ட சொல்லேன்."

"அவங்களா? மூச்சு விட்டாக்கூட முறைச்சுப் பார்த்து எழுதிக்குவாங்க."

போர்வைத் தூசி மூக்கில் ஏறி நாத்தனார் தும்மினாள். சாதாரணத் தும்மலா அது? அடுத்த தெருவில் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி. கூடம் அப்படியே அடங்கியது. அவள் கதவைத் திறந்தபோது பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகு நிமிர, அசையாமல் இருந்தாள். இத்தனை நாள் பூஜ்ஜியம் வாங்கிய அதே ஒழுக்கம்.

மறுநாள் டாக்டரம்மாவிடம், "நான் போட்டதைக் கணக்குல சேர்க்காதீங்க. நான் அளந்தது அவளை இல்ல, என்மேல அவளுக்கு இருக்கற பயத்தை," என்றாள்.

"அவர் போட்டது பொய்னு சண்டை போட்டது நீங்கதானே?"

"ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன் டாக்டர். என்னை ஒருத்தியை மட்டும் விட்டுட்டேன்."

குருவியின் அம்மா லேசில் விடவில்லை. "நேத்துவரைக்கும் நல்லா இருந்தாளாம், இன்னிக்கு இல்லையாம். என்னங்க நடக்குது இங்க?"

அந்தச் சந்தேகப் பார்வை நாத்தனாருக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். அந்த அம்மாவைத் துணி அறைக்குக் கூட்டிப்போய் இடுக்கின் வழியே பார்க்க வைத்தாள். தட்டை எறிந்து அழும் மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இருக்கட்டும்ங்க. நல்லானப்புறமே வர்றேன்," என்றாள்.

அதன்பிறகு நாத்தனார் கூடத்துக்குப் பேனா இல்லாமல் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பல நாள் கல்லாட்டம் இருந்தார்கள். ஒருநாள் நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நான் சொல்கிறேன் நெல்லிக்காய். அவள் சொன்னது தேங்காய்.

"குருவி கரண்டியை விட்டெறிஞ்சுட்டா அண்ணி," என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. "என்னைப் பார்த்துக்கிட்டே எறிஞ்சா. அப்புறம் பக்கத்துல வந்து அழுதா."

"எவ்வளவு மார்க் போட்ட?"

"உச்சம்." வீக்கத்தைத் தடவினாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். "ஆனா அந்தச் சிரிப்பு எதுக்கு எப்பப் பாத்தாலும் சிரிக்கறான்?"