தலை தொடாத சுவர்

கொரட்டூர் வீட்டு ஹாலில், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், பல வருடங்களாக என் தலையின் எண்ணெய்க் கறை இருந்தது. காலையில் மகள் குளித்துவிட்டு வரும்வரை அங்கேதான் சாய்ந்து நின்று டீ குடிப்பேன். அந்தக் கறையை என் மனைவி எத்தனை தடவை சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்திருப்பாள், எத்தனை தடவை என்னைத் திட்டியிருப்பாள்! போன பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தபோதுதான் அது ஒழிந்தது.

அதற்குள் என் முதுகு வளைந்திருந்தது. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கழுத்துவரை இறுகிப்போகிற வியாதி என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பாருங்கள் என்றார். முகப்பேரில் பிசியோதெரபி பார்க்கிற பெண் நாலைந்து பயிற்சிகள் கற்றுக்கொடுத்தாள். கைகால் ஊன்றிப் பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். கடைசியாக, குதிகாலும் தோளும் சுவரில் பட நின்று, மோவாயைத் தூக்காமல் பின்தலையைச் சுவரில் தொட முயல வேண்டும். நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று வீட்டில் யாராவது தினமும் பார்க்கட்டும் என்றாள். ஒரு சுவரோடு ஒட்டி நிற்க நான் பட்ட பாட்டை என் எதிரிகூடப் படக் கூடாது.

பட்டேன். வேறு வழி? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டுகிறவன் நான். மேலே கொக்கியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க முடியாதவனுக்கு அங்கே வேலை இல்லை. என்னை ஸ்டோரில் உட்காரவைத்து நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். நிமிர்ந்தால் திரும்ப வரலாம் என்றார் சூப்பர்வைசர்.

தினமும் காலையில் மனைவி விரலை நுழைத்துப் பார்ப்பாள். முதலில் நான்கு. கொஞ்ச நாளில் மூன்று. அப்புறம், "ரெண்டு வெரல்தான் கீது. கொறஞ்சிகினே வருது," என்றாள். முட்டாள் மாதிரி நம்பினேன். வலித்தால்கூட நல்லதற்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். கொக்கி எங்கே நிற்கிறது, சொல்லு என்றார். எவ்வளவு முக்கியும் எதிரே இருந்த தூணின் பாதிவரைதான் என் கண் ஏறியது. இடுப்போடு பின்னால் சாய்ந்து பார்த்தேன். விழப்போன என்னை அவரே பிடித்துக்கொண்டார்.

"வுடுப்பா. தலைக்கு மேல இரும்பு போவுது. நீ ஸ்டோர்லயே இரு," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பரிதாபப்பட்டதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்து மனைவிமேல் பாய்ந்தேன். ரெண்டு விரலாம் ரெண்டு விரல், யாரை ஏமாற்றுகிறாய் என்றேன். பெயின்ட் அடித்து ஐந்து மாதமாகிறது, தினமும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன், இடைவெளி குறைந்துகொண்டே வந்திருந்தால் ஒரு நாளாவது தலை பட்டு ஒரு பொட்டுக் கறையாவது இருக்காதா, சுவர் புத்தம் புதுசாக இருக்கிறதே என்று கத்தினேன். அவள் சோற்றைப் போட்டுவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சாப்பிடவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், சுவரில் கறை. உள்ளங்கை அகலத்தில், தேங்காய் எண்ணெய் வாசனையோடு.

"காலைல பட்டுச்சி. நீதான் கவனிக்கல," என்றாள், சமையலறையிலிருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைத்துப்போடலாம் என்று ஈரத்துணியோடு போனேன். கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. பழைய கறை இருந்த அதே இடம். இத்தனை வருடம் தேய்த்த கைக்கு அது மறக்கவில்லை. சுவரோரம் முதுகைக் கொடுத்து நின்று, பின்தலைக்கு நேரே ஒரு விரலைச் சுவரில் ஊன்றி, எடுக்காமல் உடம்போடு திரும்பிப் பார்த்தேன். கறை அதற்கு மேலே நான்கு விரல் தள்ளி இருந்தது. அவள் வைத்தது நான் நிமிர்ந்து நின்ற காலத்து உயரம். துணியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் காலையிலும் அதே சுவரில் நின்றேன். மனைவி பின்னால் கையைக் கொண்டுவந்தாள். எத்தனை விரல் என்று நான் கேட்கவில்லை. கை முழுசாகவே உள்ளே போய்விட்டது.